நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் நிறுவுதல்

நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் நிறுவுதல் என்பது ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் முதலிய பணிகளை ஒரே தரவுத்தளத்தின் மேல் இயங்கும் பெரிய மென்பொருள் ஒன்றுக்கு மாற்றும் திட்டப்பணி ஆகும். இவ்வகை மென்பொருள் வழக்கில் ஈ.ஆர்.பி. எனச் சுருக்கி அழைக்கப்படுகிறது. பெரிய நிறுவனங்களில் இப்பணி ஓராண்டு முதல் சில ஆண்டுகள் வரை நீடிக்கும். மென்பொருளுக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தைக் காட்டிலும் அதை நிறுவ ஆகும் செலவே பெரும்பாலும் அதிகம்.

இத்தகைய திட்டங்களில் பல காலம் கடந்தும், செலவு மிகுந்தும் முடிகின்றன. சில, நிறுவனத்தின் அன்றாட வேலையையே முடக்கியுள்ளன. ஆனால் ஒரே மென்பொருள் ஓரிடத்தில் நன்றாக இயங்குவதையும் வேறோர் இடத்தில் கைவிடப்படுவதையும் காணலாம். ஆகவே மென்பொருளின் தரத்தை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. நிறுவனம் இனி எவ்வாறு வேலை செய்யும், எந்தத் தரவு சரியானது, எந்த நாளில் மாறுவது ஆகிய மூன்றையும் அந்த வேலையை நன்கு அறிந்தவர்கள் உரிய அதிகாரத்துடன் தீர்மானித்தார்களா என்பதே பெரும்பாலான திட்டங்களின் போக்கை முடிவு செய்துள்ளது.

பின்புலம்

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பயன்பாட்டுக்கு வந்த பொருள் தேவைத் திட்டமிடல் முறையிலிருந்து இம்மென்பொருள்கள் வளர்ந்தன. எத்தனை மிதிவண்டிகள் செய்ய வேண்டும் என்று தெரிந்தால் எத்தனை சக்கரங்கள், எத்தனை ஆரங்கள் எப்போது வாங்க வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுத் தரும். இத்துடன் கணக்கும் விற்பனையும் பின்னர் இணைந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஐவர் 1972 இல் செருமனியில் தொடங்கிய சாப் நிறுவனம் இத்துறையில் முதன்மை பெற்றது. அதன் ஆர்/3 மென்பொருள் 1992 இல் வெளிவந்தது. ஈ.ஆர்.பி. என்ற பெயரைக் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1990 இல் வழங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸ், 1990களில் மார்ஷல் என்ற பெயரில் இவ்வகை மென்பொருளை உருவாக்கி விற்றது.

வெற்றியை அளத்தல்

குறித்த நாளில், குறித்த செலவில் புழக்கத்துக்கு விடப்பட்டதா என்று பார்ப்பதே வழக்கமான அளவுகோல். இது போதாது. கீழே கூறப்படும் தோல்விகளில் சிலவற்றில் மென்பொருள் புழக்கத்துக்கு விடப்பட்டது என்ற செய்தி முதலில் வெற்றியாகவே அறிவிக்கப்பட்டது. சரக்கு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறதா, ஊழியருக்குச் சம்பள நாளில் சரியான தொகை கிடைக்கிறதா, மாத இறுதியில் கணக்கை முடிக்க முடிகிறதா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கச் சில மாதங்கள் ஆகும். மற்றோர் எளிய அறிகுறியும் உண்டு. புதிய மென்பொருள் வந்து ஓராண்டு கழிந்த பின்னும் பணியாளர்கள் தங்கள் மேசைக் கணினியில் தனி விரிதாளில் கணக்கு வைத்திருந்தால், அவர்கள் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பவில்லை என்று பொருள்.

ஹெர்ஷி நிறுவனத்தின் அனுபவம்

அமெரிக்க இனிப்புத் தயாரிப்பு நிறுவனமான ஹெர்ஷி, 1990களின் பிற்பகுதியில் சாப் ஆர்/3 மென்பொருளையும், அத்துடன் வேறு இரு நிறுவனங்களின் மென்பொருள்களையும் ஒரே நேரத்தில் நிறுவ முற்பட்டது. திட்டத்தின் மதிப்பு 112 மில்லியன் டாலர். 48 மாதங்கள் தேவை என முதலில் மதிப்பிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டுச் சிக்கலுக்கு முன் பழைய மென்பொருள்களை நீக்கிவிட வேண்டும் என்பதால் அது 30 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. சில பகுதிகள் முன்னரே இயங்கத் தொடங்கியிருந்தன. எஞ்சியவை, வாடிக்கையாளர் ஆணைகளைக் கையாளும் பகுதி உட்பட, 1999 சூலையில் ஒரே வீச்சில் இயக்கப்பட்டன.

சூலை என்பது இங்கு முக்கியமானது. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன், அதனைத் தொடரும் கிறித்துமசு ஆகியவற்றுக்கான மிட்டாய் ஆணைகள் குவியும் பருவம் அது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒரு துணிக்கடை தன் பில் போடும் முறையை மாற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் மதிப்பிலான ஆணைகளை நிறுவனத்தால் நிறைவேற்ற முடியவில்லை. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டு இலாபம் 19 விழுக்காடு குறைந்தது. செய்தி வெளியான நாளில் பங்கு விலை 8 விழுக்காடு வீழ்ந்தது.

வேடிக்கை என்னவெனில் மிட்டாய்க்குப் பஞ்சம் இல்லை. அது கிடங்குகளில் இருந்தது. பருவகாலத்தில் சரக்கு மிகும்போது வாடகை இடங்களிலும், தொழிற்சாலைகளின் காலி அறைகளிலும் அடுக்கி வைப்பது அங்கு வழக்கம். எங்கே என்ன இருக்கிறது என்பது பழைய பணியாளர்களுக்குத் தெரியும்; தேவைப்படும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வர். இவ்விடங்கள் அனைத்தும் புதிய மென்பொருளில் இருப்பிடங்களாகப் பதியப்படவில்லை என்று பின்னர் வெளிவந்த பகுப்பாய்வுகள் சுட்டின. பதியப்படாத இடத்தில் உள்ள சரக்கு மென்பொருளைப் பொறுத்தவரை இல்லாத சரக்கு. இது நிரல் வழு அன்று. கிடங்கில் வேலை செய்பவரிடம் யாரேனும் தக்க நேரத்தில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே நிறுவனம் 2002 இல் அதே மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியது. இம்முறை சோதனைக்குப் போதிய காலம் ஒதுக்கப்பட்டது. பணி மதிப்பிட்ட செலவுக்குள் முடிந்தது; சரக்கு அனுப்புவதில் குறிப்பிடத்தக்க தடையும் ஏற்படவில்லை.

நடைமுறைகளைத் தீர்மானித்தல்

இம்மென்பொருள்கள் வெற்றுக் கருவிகள் அல்ல. ஒரு கொள்முதல் எவ்வாறு நிகழ வேண்டும் என்ற முன்முடிவு அவற்றுள் பொதிந்துள்ளது. கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, வழங்குநரின் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் வழங்கப்படும் என்பது அவற்றுள் ஒன்று. தொலைபேசியில் சொல்லிச் சரக்கை வரவழைத்து, ஆணையைப் பின்னர் எழுதிக்கொள்ளும் நிறுவனம் இங்கே ஒரு முடிவுக்கு வர வேண்டும்: தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதா, மென்பொருளை மாற்றி எழுதுவதா. இத்தகைய முடிவுகள் ஒரு பெரிய திட்டத்தில் நூற்றுக்கணக்கில் வரும்.

செருமனியின் லிடில் சில்லறை வணிக நிறுவனம் 2011 இல் தொடங்கிய சாப் திட்டம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. லிடில் தன் இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது. நிறுவப்பட்ட மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. தன் முறையை விட்டுக்கொடுக்க நிறுவனம் விரும்பவில்லை. மென்பொருள் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ செலவான பின், 2018 இல் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர மன்றம் 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருளை உள்ளவாறே ஏற்பது என்பதே தொடக்கக் கொள்கை. நடைமுறையில் அது தளர்ந்தது. வங்கிக் கணக்கையும் மன்றத்தின் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிகட்டும் பகுதி தனியாக மாற்றி அமைக்கப்பட்டது. அதுவே சரியாக இயங்கவில்லை. எந்தப் பணம் யாரிடமிருந்து எதற்காக வந்தது என்று ஒரு மாநகரத்தால் உறுதியாகக் கூற முடியாத நிலை உண்டாயிற்று. சுமார் 20 மில்லியன் பவுண்டு என மதிப்பிடப்பட்ட செலவு 100 மில்லியனைத் தாண்டியது. மன்றம் 2023 செப்டம்பரில் தன் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதிய நிலுவையே அதற்குப் பெருங்காரணம் எனினும் இத்திட்டமும் சுமையைக் கூட்டியது.

இவற்றைக் கொண்டு எந்த மாற்றமும் கூடாது என்று முடிவு கட்டுவதும் பிழை. சிஸ்கோ நிறுவனம் 1994 இல் ஆரக்கிள் மென்பொருளை நிறுவியபோது மாற்றமே செய்வதில்லை என்று தொடங்கியது. தங்கள் வணிகத்துக்கு இன்றியமையாத சில பணிகள் அதில் நடவா என்பது சோதனைகளில் தெரிந்ததும், நிரலாளர்களை அமர்த்தித் தேவையானவற்றை மட்டும் மாற்றிக்கொண்டது. சட்டம் கோரும் மாற்றங்களுக்கு விவாதமே இல்லை. இந்தியாவில் 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது எல்லா நிறுவனங்களின் கணக்கு மென்பொருள்களும் மாற்றப்பட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் எதற்காக அந்நிறுவனத்தைத் தேடி வருகிறாரோ அதற்கு உதவும் தனித்தன்மையைக் காப்பதில் பொருள் உண்டு. பழைய படிவத்தில் இருந்த கட்டம் புதிய திரையிலும் வேண்டும் என்பதற்காக நிரல் எழுதுவதில் பொருள் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆலோசகர்களின் வேலை அன்று. அவர்களால் அது இயலவும் இயலாது.

தரவு

திட்ட அட்டவணைகளில் தரவு மாற்றம் என்பது ஒற்றை வரியாக இடம்பெறும். உண்மையில் மிகுதியான உழைப்பைக் கோருவதும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பஞ்சு பொதிகளாக வாங்கப்படுகிறது, கிலோக் கணக்கில் ஆலைக்குள் செல்கிறது, நூல் கூம்புகளாகவும் பைகளாகவும் விற்கப்படுகிறது. ஒரு பொதி என்பது இத்தனை கிலோ என்று மென்பொருளில் பதிய வேண்டும். இந்தியாவில் ஒரு பொதி 170 கிலோ என்பது வழக்கமான கணக்கு. ஆனால் உண்மைப் பொதிகள் சில கிலோ கூடியும் குறைந்தும் இருக்கும். நிலையான 170 ஐப் பதிந்துவிட்டால், ஒவ்வொரு பொதியிலும் சிறு பிழை சேர்ந்து, மாத இறுதியில் திரையில் உள்ள பஞ்சுக்கும் கிடங்கில் உள்ள பஞ்சுக்கும் டன் கணக்கில் வேறுபாடு தோன்றும். ஒவ்வொரு பொதியின் எடையையும் தனியே பதியும் வசதி மென்பொருளில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லக்கூடியவர் பஞ்சுக் கிடங்கின் பொறுப்பாளர்.

பெயர்களிலும் இத்தகைய சிக்கல் எழும. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவோர் பலர். மேலைநாட்டு வழக்கத்தை ஒட்டி வடிவமைக்கப்பட்ட மென்பொருள்களில் குடும்பப் பெயரைத் தனியே கேட்கும் கட்டம் இருக்கும். மு. செல்வம், செல்வம் மு., செல்வம் முத்து என ஒரே வாடிக்கையாளர் மூன்று பேராகப் பதியப்படுவார். அவருக்கு வழங்கப்பட்ட கடன் வரம்பும் மூன்று மடங்காகும்!

பழைய தரவு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நிலுவையில் உள்ள பில்கள், கையிருப்பு, தொடக்க இருப்புகள், நடப்பிலுள்ள வாடிக்கையாளர், வழங்குநர், பொருள் விவரங்கள் ஆகியவை போதும். எஞ்சியவற்றைப் பழைய முறைமையில் படிக்க மட்டும் இயலுமாறு வைத்திருக்கலாம். மாற்றும் முன் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்ப்பதற்கு மாற்று வழி இல்லை.

யாரை ஈடுபடுத்துவது

திட்டத்துக்கு ஆள் கேட்கும்போது ஒவ்வொரு துறையும் தன்னால் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடியவரை அனுப்ப விரும்புவது இயல்பு. சிஸ்கோ இதற்கு மாறாகச் செய்தது. 1994 சனவரியில் பழைய மென்பொருள் பழுதாகி நிறுவனம் இரு நாட்கள் முடங்கியிருந்ததால் தலைமை அதிகாரிகள் இதைத் தங்கள் வேலையாகவே கருதினர். துறைகள் விட மறுக்கும் ஆட்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒன்பது மாதங்களில், ஏறத்தாழ 15 மில்லியன் டாலர் செலவில், 1995 சனவரி இறுதியில் மென்பொருள் புழக்கத்துக்கு வந்தது.

இதற்கு மறுபுறம், மாற்றத்தால் வேலை இழக்கப்போவோரின் ஒத்துழைப்பை எதிர்பார்க்கும் திட்டங்கள் உண்டு. 1993 இல் ஆர்/3 நிறுவத் தொடங்கிய அமெரிக்க மருந்து மொத்த விநியோக நிறுவனமான ஃபாக்ஸ்மேயர், உடன்நிகழ்வாகக் கிடங்குகளைத் தானியங்கு முறைக்கு மாற்றி, சில கிடங்குகளை மூடவும் முனைந்தது. மூடப்படவிருந்த கிடங்குகளின் பணியாளர்களுக்குப் புதிய முறை சரியாக இயங்குவதில் அக்கறை காட்டக் காரணம் ஏதும் இல்லை.

சோதனையும் மாறும் நாளும்

ஃபாக்ஸ்மேயரின் பழைய பெருங்கணினி ஓரிரவில் 4,20,000 ஆணை வரிகளைக் கையாண்டு வந்தது. புதிய முறையால் சுமார் 10,000 மட்டுமே முடிந்தது. உண்மையான அளவு வேலையை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தால் மட்டுமே இத்தகைய குறை வெளிப்படும். நிறுவனம் 1996 இல் நொடிப்பு நிலையை அறிவித்தது.

சம்பள மென்பொருள்களில் பிழையின் விளைவு நேரடியாகக் குடும்பங்களைச் சென்றடைகிறது. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலச் சுகாதாரத் துறையில் சுமார் 78,000 பேருக்கான புதிய சம்பள முறை 2010 மார்ச்சில் தொடங்கப்பட்டது. பல்வேறு ஒப்பந்தங்களும் படிகளும் சேர்ந்து 24,000 வெவ்வேறு வகைகளில் சம்பளம் கணக்கிட வேண்டியிருந்தது. மருத்துவமனைப் பணியாளர் பலருக்குச் சம்பளம் குறைந்தும், மிகுந்தும், வராமலும் போனது. பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே ஓட்டி, ஊழியர் அனைவரின் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முழு இணை ஓட்டம் அதற்கு முன் நடத்தப்படவில்லை. சிக்கலைச் சரிசெய்யவும் முறையைத் தொடர்ந்து நடத்தவும் ஆகும் மொத்தச் செலவு 1.2 பில்லியன் ஆத்திரேலிய டாலர் என மதிப்பிடப்பட்டது. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2013 இல் அறிக்கை அளித்தது.

ஆறாண்டுகளுக்குப் பின் கனடா இதையே பெரிய அளவில் செய்தது. நடுவண் அரசு ஊழியர் ஏறத்தாழ 2,90,000 பேருக்கான பீனிக்ஸ் சம்பள முறை 2016 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு துறையில் மட்டும் முதலில் வெள்ளோட்டம் பார்ப்பதாக இருந்தது, அது நீக்கப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்தச் சில செயற்பாடுகள் கழிக்கப்பட்டன. துறைகளில் இருந்த அனுபவமிக்க சம்பளப் பிரிவினர் முன்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். எனவே பிழைகள் தோன்றியபோது கையால் திருத்தவும் ஆள் போதவில்லை. தலைமைத் தணிக்கையாளரின் 2018 ஆம் ஆண்டு அறிக்கை இதனைக் கடுமையாகச் சாடியது. ஆயத்தமின்மை குறித்த செய்திகள் கீழ்நிலையில் இருந்தன. தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் அவை உரிய வடிவில் சென்றுசேரவில்லை, அல்லது சேர்ந்தும் பொருட்படுத்தப்படவில்லை.

தேதியைத் தள்ளிவைப்பதில் இழப்பு உண்டு. ஆலோசகர்களின் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், பழைய மென்பொருளின் உரிமத்தை நீட்டிக்க வேண்டியிருக்கும், அறிவித்தவரின் மதிப்பும் குறையும். இவ்விழப்பை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதே அதன் நன்மை. இந்தியாவில் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 மாறும் நாளாக விரும்பப்படுகிறது. தொடக்க இருப்புகளை எடுத்துச் செல்ல அது வசதியானது. ஆனால் ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பில் மூழ்கியிருக்கும் கணக்குப் பிரிவே அதே வாரங்களில் சோதனைக்கும் தேவைப்படும் என்பது பல திட்டங்களில் மார்ச் மாதத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

பயிற்சி

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கற்பிப்பது பயிற்சியின் சிறு பகுதியே. தான் பதியும் ஓர் எண் வேறு யாருடைய திரையில் என்னவாகத் தோன்றும் என்று பயனர் அறிந்திருக்க வேண்டும். கிடங்கில் சரக்கு வரவைப் பதிய இரு நாட்கள் தாமதித்தால் முன்பு யாருக்கும் தொல்லை இல்லை. ஒருங்கிணைந்த மென்பொருளில் அச்சரக்கை விற்பனைப் பிரிவு காண முடியாது, வழங்குநருக்குப் பணமும் போகாது. 2000 ஆம் ஆண்டில் தேவை கணிப்பு மென்பொருளால் பெரும் விற்பனை இழப்பைச் சந்தித்த நைக்கி நிறுவனம், அடுத்து வந்த சாப் திட்டத்தில் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களுக்கு 140 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி அளித்தது. பயிற்சியை முடிக்காதவருக்கு மென்பொருளில் நுழைய அனுமதி இல்லை.

புழக்கத்துக்கு வந்த பின்

நன்றாக நடந்த திட்டங்களிலும் முதல் சில மாதங்கள் கடினமானவை. சிஸ்கோவில் வன்பொருளின் திறன் போதாமல் முறைமை நாள்தோறும் என்று சொல்லத்தக்க அளவுக்கு நின்றது; உரிய நாளில் சரக்கு அனுப்பும் அளவு 95 விழுக்காட்டிலிருந்து 75 ஆகக் குறைந்தது. குறிப்பிட்ட கணினிகளை வழங்குவதாக அன்றி, குறிப்பிட்ட திறனை வழங்குவதாக வன்பொருள் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்ததால் கூடுதல் கணினிகளின் செலவை வழங்குநர்களே ஏற்றனர். திட்டக் குழு கலைக்கப்படாமல் இருந்ததால் சுமார் மூன்று மாதங்களில் நிலைமை சீரானது. ஆலோசகர்கள் புழக்க நாளுக்கு மறுவாரமே விடைபெற்று, அவர்கள் செய்த அமைப்புகளை விளக்கும் ஆவணமும் இல்லாத இடங்களில் இக்காலம் பல ஆண்டுகளாக நீளும்.

மென்பொருளுக்கும் ஆயுட்காலம் உண்டு. சாப் நிறுவனம் 2015 இல் எசு/4 ஹானா என்ற அடுத்த தலைமுறை மென்பொருளை வெளியிட்டது. அதற்கு முந்திய தலைமுறையின் தற்போதைய பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியுடன் முடியும் என அறிவித்துள்ளது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த சொந்த நிரல்கள் ஒவ்வொன்றும் எதற்காக எழுதப்பட்டன என்று தேடும் வேலை, மாறவிருக்கும் நிறுவனங்களில் முதற்பணியாக உள்ளது. அவற்றுள் பலவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் இப்போது அந்நிறுவனங்களில் இல்லை.